காஷ்மீர் ஈப்பிடிப்பான் மாதிரி ஒண்ணு பாத்தேன், யாருக்கு எப்படி சொல்றது? உதவி பண்ணுங்க

கோத்தகிரி தேயிலை:
வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் எங்க எஸ்டேட் ரோட்டுல, சோலை முடிஞ்சு தேயிலை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு சின்ன குருவி. காலைல ஏழரை இருக்கும், மூடுபனி அப்பதான் விலகுது. முள்வேலிக் கம்பியில உக்காந்துட்டு கீழ தரையில இறங்கி பூச்சிய கொத்திக்கிட்டு திரும்ப அதே கம்பிக்கே வருது. தொண்டைல இருந்து நெஞ்சு முழுக்க செங்கல் கலர், அதுக்கு ரெண்டு பக்கமும் கருப்பா கரை போட்டாப்ல, முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வால தூக்கித் தூக்கி ஆட்டுது. மெர்லின்னு பறவை பேர் சொல்ற ஆப்ல போட்டோ குடுத்தா காஷ்மீர் ஈப்பிடிப்பான்னு வருது. பாத்த பறவைய பதிவு பண்ற ஈபேர்ட் ஆப்ல பேர் பக்கத்துல அரிதுன்னு சிவப்பு ஆர் (R) காட்டி கமெண்ட் எழுதச் சொல்லுது, லிஸ்ட்ட இன்னும் சப்மிட் பண்ணல. என்ன எழுதணும்? போட்டோ ரொம்ப சுமார், பாதி கம்பிதான் ஃபோகஸ் ஆயிருக்கு. இன்னொண்ணு, எங்க பறவை பாக்கற குரூப்ல ஒரு வார்த்தை சொன்னதுமே நாலஞ்சு பேரு லொகேஷன் அனுப்புங்கன்னு கேக்குறாங்க. அனுப்பலாமா? கொழுந்து பறிக்கிற ஆளுங்க வேலை செய்யற எடம், காலைல காட்டெருமையும் நிக்கும், அதான் யோசனையா இருக்கு.

ஊட்டி சோலை:
தங்கச்சி, மேல நீங்க எழுதியிருக்கீங்களே, அதையே அப்படியே கமெண்ட்ல போடுங்க, அதுதான் வேணும். "மெர்லின் சொல்லுச்சு"ன்னு மட்டும் எழுதினா பாக்கறவருக்கு ஒண்ணும் புரியாது, உங்க கண்ணு என்ன பாத்துச்சுங்கறதுதான் சாட்சி. வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பைனாகுலர்ல பாத்தீங்களா வெறுங்கண்ணா, எவ்வளவு நேரம், சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா, எல்லாம் சேத்துக்கோங்க. புக்க புரட்டறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, ஏன்னா படத்த பாத்துட்டா நாம பாத்தது எது படத்துல இருந்தது எதுன்னு மனசு கலந்துடும்.

அடுத்தது, வேற எது இல்லைன்னும் எழுதணும், இதைத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. நம்ம ஊரு கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானா இருந்தா தலையும் றெக்கையும் கருப்பு, வால் வரைக்கும் ஆரஞ்சு. உங்களோடது முதுகு பழுப்புன்னு சொல்றீங்க, அது கழிஞ்சுது. செம்மார்பு ஈப்பிடிப்பான் ஆணுக்கு செம்மை தொண்டை, மேல்நெஞ்சோட நின்னுடும், பக்கத்துல கருப்புக் கரை இருக்காது. டைகா ஈப்பிடிப்பானுக்கு தொண்டைல மட்டும் சின்னதா, கீழ சாம்பல் பட்டை, குளிர்காலத்துல அந்த கலரும் பெரும்பாலும் போயிடும். வால் அடியில ரெண்டு பக்கமும் வெள்ளை காஷ்மீர், செம்மார்பு, டைகா மூணுக்குமே உண்டு, அத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. கருப்புக் கரையும் நெஞ்சு கீழ வரைக்கும் இறங்கற செம்மையும்தான் முக்கியம், அத அழுத்தி எழுதுங்க. சுமார் போட்டோவா இருந்தாலும் எடிட் பண்ணாம ஏத்துங்க, கரை தெரிஞ்சா போதும்.

குன்னூர் பைனாகுலர்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. ஈபேர்ட்ல பதிவ ரிவ்யூ பண்றவங்க, அதாவது சரிபாக்கறவங்க, எல்லாரும் சம்பளம் வாங்காம செய்யற உள்ளூர் ஆளுங்க. விவரம் கேட்டு மெயில் வந்தா சந்தேகப்படறாங்கன்னு மனசு கஷ்டப்படாதீங்க, உடனே பதில் போடுங்க. ஒருவேளை கன்ஃபர்ம் ஆகலைன்னாலும் உங்க லிஸ்ட்ல அது இருக்கத்தான் செய்யும், பொது மேப்ல மட்டும் வராது.

லொகேஷன் பத்தி என் கருத்து, திறந்தே சொல்லுங்க. எல்லாரும் மறைச்சு மறைச்சு வெச்சா அப்புறம் யாரு போய் உறுதி பண்றது? நாலு பேரு பாத்தாதான் பதிவு நிக்கும்.

ஊட்டி சோலை:
உறுதி பண்ண ரெண்டு பேரு போதும் தம்பி, நாப்பது பேரு வேணாம். இது உலக அளவுல அழியும் வாய்ப்புள்ள இனம், காஷ்மீர் பக்கத்து மலைக்காட்டுல மட்டும்தான் கூடு கட்டும், குளிர்காலத்துக்கு பெரும்பாலும் இலங்கை மலைக்குப் போகும், நம்ம மலைக்கும் கொஞ்சம் வரும். வந்த எடத்துல தனக்குன்னு ஒரு எல்லை வெச்சுக்கிட்டு அங்கயே சுத்திக்கிட்டிருக்கற பறவை, அதனால அவசரமே இல்ல, மெதுவா போய்ப் பாக்கலாம். ஸ்பீக்கர்ல பறவை சத்தம் போட்டு கூப்பிட்டு கூப்பிட்டு போட்டோ எடுக்கற ஆளுங்க காலைலயே ஜீப்ல வந்து நின்னா அது இரை தேடற நேரம் போச்சு.

தங்கச்சி, முதல்ல நம்பிக்கையான ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் தனியா மெசேஜ் போடுங்க. குரூப்ல "கோத்தகிரி சுத்துவட்டாரம்"னு சொன்னா போதும், மேப்ல எடம் காட்டற பின் வேணாம். எஸ்டேட் அனுமதி இல்லாம யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க. ஈபேர்ட்ல லிஸ்ட்ட கொஞ்சம் தள்ளிக்கூட சப்மிட் பண்ணலாம், ஆனா தேதியும் நேரமும் எடமும் பாத்த அன்னிக்குள்ளதா சரியா இருக்கணும்.

கொடைக்கானல் ஏரி:
பழனி மலையில இருந்து எழுதறேன். எடம் சரியா இருக்கணும்னு அண்ணன் சொன்னது சாதாரண விஷயம் இல்ல. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க உங்க பக்கம் விலாவுல செம்மை இருக்கற நீலகிரி சோலைக்கிளி (பேர்தான் கிளி, சின்ன குருவிதான்), தெக்க எங்க பக்கம் வெள்ளை வயித்து சோலைக்கிளி. சுற்றுலா வந்துட்டு ஊருக்குப் போயி ஞாபகத்துல பின் குத்தினா எங்க சாதாரண பறவை உங்க மலையில அதிசயமா ஏறிடும், அப்புறம் அத எடுக்க ரிவ்யூவர் படற பாடு. ஆப்ப நடக்க ஆரம்பிக்கறப்பவே ஆன் பண்ணிடுங்க அக்கா, பாதை அதுவே பதிவாகும்.

கூடு விஷயம் தனி. ஆந்தைக் கூடோ வேற எதோ, குரூப்ல வாயே திறக்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல பறவை முட்டையையும் கூட்டையும் தொந்தரவு பண்றதே வேட்டைங்கற வரையறைக்குள்ள வருது.

குன்னூர் பைனாகுலர்:
சரிங்கண்ணா, ஸ்பீக்கர் விஷயம் நியாயம்தான், அத நான் மறுக்கல. ஆனா சுத்துவட்டாரம்னாவது சொல்லுங்க, மொத்தமா மூடி வெச்சா புதுசா பறவை பாக்க வர்ற பசங்களுக்கு எதுவுமே கிடைக்காம போயிடும். கோத்தகிரி லாங்வுட் சோலையில எத்தனை ஸ்கூல் பசங்க இப்படித்தான் கத்துக்கிட்டு வர்றாங்க.

கோத்தகிரி தேயிலை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கமெண்ட்ல கம்பி, தரை, கரை, முதுகு, வால் எல்லாம் எழுதி, வேற மூணு ஈப்பிடிப்பான் ஏன் இல்லைன்னும் போட்டு சப்மிட் பண்ணிட்டேன். போட்டோ ஏத்தினேன், பெரிசு பண்ணிப் பாத்தா இடது பக்கம் கரை தெரியுது. குரூப்ல சுத்துவட்டாரம்னு மட்டும் சொன்னேன், ஒருத்தர் கோச்சுக்கிட்டாரு, பரவால்ல. மேனேஜர் கிட்ட கேட்டேன், ரெண்டு பேருன்னா வரலாம், கொழுந்து எடை போடற நேரத்துல வேணாம்னுட்டாரு. ஊட்டி அண்ணா, ஞாயித்துக்கிழமை வர முடியுமா?

ஊட்டி சோலை:
வர்றேன்மா. ஏழு மணிக்கு கேட் கிட்ட நில்லுங்க. சத்தம் பதிவு பண்ண ரெக்கார்டர் எடுத்துட்டு வர்றேன், குன்னூர் தம்பியையும் கூட்டிட்டு வர்றேன். காட்டெருமை நின்னுச்சுன்னா போன் பண்ணுங்க, அது நகர்ற வரைக்கும் ரோட்டுலயே இருக்கோம்.