பூஞ்சணம் பிடித்த காமன் கூத்து: நாடா, ஊடகக் கலைப் பாதுகாப்புத் துறையில் உள்ளவர்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ஹட்டன் பக்கமிருந்து எழுதுகிறேன். பழைய சிலைகளையும் ஓலைச்சுவடிகளையும் பாதுகாக்கப் படிக்கிறேன் என்றால் ஊரில் மதிப்பு. வீடியோ நாடா, ஒலிநாடா, தொலைக்காட்சிப் பெட்டிகளால் செய்த கலைப்படைப்பு ஆகியவற்றைப் பாதுகாக்கத்தான் படிக்கிறேன் என்று விளக்கினால், "வீடியோ டெக் பழுதுபார்க்கிற வேலையா பிள்ளை?" என்று கேட்கிறார்கள். பாதி சரிதான்.

விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டிய தாத்தா ஒருவர் பிஸ்கட் டின்னில் ஒரு வீஎச்எஸ் கசெட்டைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்க்கலாம் என்று ஒரே பிடி. டோர்ச் அடித்துக் கசெட்டின் கண்ணாடி வழியே பார்த்தேன். சுருளின் விளிம்பெங்கும் வெள்ளைப் பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்; எங்கள் லயத்தில் மழைக்காலம் முழுவதும் அப்படித்தான். அந்த நிலையில் ஓட விட்டால் நாடா கிழியலாம், நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட் அடைபடும், அதே டெக்கில் அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். முதலில் உலர்த்த வேண்டும். அதற்கும் முன்னால், இருக்கும் நிலையை வரிக்கு வரி நிலையறிக்கையாக எழுதிப் படமெடுக்க வேண்டும். தாத்தாவுக்கு இந்த எழுத்து வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பிறகு, வகுப்பில் கலைஞரிடம் கேட்பதுபோல அவரிடம் கேட்டேன்: இதில் எது போனால் கூத்தே போய்விடும்? படம் மங்கினால் பரவாயில்லை என்றார். மன்மதன் எரிந்ததும் ரதி வைக்கும் ஒப்பாரியும், அதற்குத் தப்புப் பறையின் அடி நிறுத்தி விழும் இடமும் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார் என்று இன்னும் கோபம். விடுபட்ட அடிகளை அங்கேயே பாடிக் காட்டினார், பதிவுசெய்து கொண்டேன்.

வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik) 1988இல் தென்கொரியாவில் 1,003 தொலைக்காட்சிகளை அடுக்கிச் செய்த கோபுரத்திலும் இதே கேள்விதான். 2018இல் அணைத்து, 2022இல் மீண்டும் ஏற்றியபோது 266 பெட்டிகளில் தட்டைத் திரை பொருத்தினார்கள். பெட்டி மாறினாலும் படைப்பு அதுவேதானா? வகுப்பில் இதற்குச் சண்டையே நடந்தது. நான் "அதுவேதான்" கட்சி.

*பண்டாரவளை உறுப்பினர்:*
கலியாண வீடியோ எடுத்தவன் நான். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு புதிய வீஎச்எஸ் டெக் செய்ய ஆளில்லை. என்னிடம் இருப்பவற்றை ஒன்றைப் பிரித்து ஒன்றுக்குப் போட்டு ஓட்டுகிறேன். கணினிக்கு மாற்றித் தரும்போது "கோடுகளை அழித்துப் பளிச்சென்று தாருங்கள்" என்கிறார்கள். தருகிறேன், ஆனால் திருத்தாத பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளாமல் விடுவதில்லை. நாளைக்கு யாராவது அதைத்தான் தேடி வருவார்கள்.

*கண்டியிலிருந்து, உயர்தர மாணவி:*
அக்கா, நான் கலைப்பிரிவு. இந்தப் படிப்புக்கு வழியுண்டா?

*ஹட்டன்:*
தங்கச்சி, இடத்துக்கு இடம் மாறும். இலண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் சமகாலக் கலை, ஊடகப் பாதுகாப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பேர்னிலும் உண்டு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சேதன இரசாயனம் உட்பட இரசாயனப் பாடங்கள் கேட்பார்கள். மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எத்தனை என்று அவர்களுக்கு எங்கே தெரியும்! பட்டப்படிப்போடு இரசாயனத்தைத் தனியாகப் படிக்கப் பார். கையில் கிடைத்த கசெட்டுக்கு இன்றே நிலையறிக்கை எழுதிப் பழகு.

பண்டாரவளை அண்ணா, சுத்தம் செய்த நாடாவை ஓட்ட, உங்கள் டெக்குகளில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்க முடியுமா? மாசி பிறக்குமுன் முடித்தால், காமன் ஊன்றிக் கூத்துத் தொடங்கும் முன்பு தோட்டத்துப் பையன்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார் தாத்தா.