பென்சில் தகராறாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

பாளையங்காரன்:
பக்கத்து இழையில் ஞானமுத்து ஐயா இப்படி எழுதியிருக்கிறார்: "ஒரு பென்சிலுக்காக எட்டாம் வகுப்புப் பையன் அரிவாள் எடுக்கிறான் என்றால், வாத்தியார் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியதன் பலன் அது." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது 2025 ஏப்ரல் 15, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. புத்தகப்பையில் அரிவாளை வைத்துக் கொண்டுவந்து வகுப்புக்குள்ளேயே சக மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு. அப்புறம் அவனே போய் போலீசில் சரணடைந்தான். அந்தப் பென்சில் தகராறு நடந்தது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால், ஐயா. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவருக்கும் கேள்வி இல்லை. பென்சில் கிடைத்துவிட்டது, போதும்!

ஞானமுத்து_ஓய்வு:
தம்பி, பென்சில் என்று நான் சொல்லவில்லை. போலீஸ் சொன்னது, பத்திரிகை எழுதியது. அதை மறுக்க உம்மிடம் என்ன இருக்கிறது? என் பணிக்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான பையன்களைப் பார்த்தவன் நான். பேனா, பென்சில், அழிரப்பர் என்று தினமும் சண்டை வரும். இரண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு அடி, விஷயம் முடிந்தது. சாயங்காலம் ஒன்றாகப் பந்து விளையாடுவார்கள்.

கொங்குக்குசும்பன்:
சாயங்காலம் வரை இருந்து பார்த்தீர்களா, இல்லை நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்களா?

மலர்விழி:
ஒரு நிமிடம். இது புல்லியிங்கா, வெறும் சண்டையா என்று முதலில் பிரித்துக்கொள்ளலாமா? டான் ஓல்வேயஸ் என்ற ஆய்வாளர் மூன்று அளவுகோல் வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஒருவன் கை ஓங்கியிருப்பது. சம பலமுள்ள இரண்டு பேர் முட்டிக்கொண்டால் அது இதில் சேராது. 1982இல் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமைதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. மறு வருடமே நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் நடத்தினார்கள். பெர்கன் நகரில் 42 பள்ளிகளை ஓல்வேயஸ் பின்தொடர்ந்து பார்த்து, தொல்லை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று சொன்னார். நாம் பேச வேண்டியது அதைப் பற்றி.

கொங்குக்குசும்பன்:
நார்வேயில் பென்சில் என்ன விலை மேடம்?

சட்டம்_சரவணன்:
மலர்விழி மேடம் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். அதே இயக்கத்தை நார்வேயிலேயே ஸ்டாவாங்கர் நகரின் பக்கம் அளந்தவர்களுக்கு அப்படி ஒரு குறைவு தென்படவில்லை. அது கிடக்கட்டும், சட்டத்துக்கு வருகிறேன். 16 வயதுக்குக் கீழே இருப்பவனைப் பெரியவன்போல விசாரிக்க 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் இடமே இல்லை. அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லம். "தூக்கில் போடு" என்று பக்கத்து இழையில் கூவியவர்கள் கவனிக்கவும்.

பாளையங்காரன்:
சரவணன், யாரும் இங்கே தூக்கு கேட்கவில்லை. பென்சிலுக்கு வாருங்கள்.

ஐயா, ஆளுக்கு ஒரு அடி கொடுத்ததும் முடிந்தது என்கிறீர்கள். உங்களுக்கு முடிந்தது. அடி வாங்கியவனில் ஒருவன் சண்டையைத் தொடங்கியவன், இன்னொருவன் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இரண்டு பேருக்கும் ஒரே அடி என்றால் இரண்டாமவன் அடுத்த முறை உங்களிடம் வருவானா? பிரம்பு இருந்தால் ஒழுங்காக இருப்பார்கள் என்கிறீர்களே, 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலை செய்யப்பட்டார். செய்தது சீனியர் மாணவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் பிரம்புக்கு என்ன பஞ்சம்? அதன் பிறகுதான் 1997இல் இங்கே ராகிங் தடைச் சட்டமே வந்தது. பிரம்பு அப்போது எங்கே போயிருந்தது?

ஞானமுத்து_ஓய்வு:
கல்லூரி வேறு, பள்ளி வேறு. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பென்சில் தகராறு நடந்ததா, இல்லையா?

பாளையங்காரன்:
நடந்தது! நடக்கவில்லை என்று யார் சொன்னது? அது காரணமா என்பதுதான் கேள்வி.

ஞானமுத்து_ஓய்வு:
நடந்தது என்று ஒத்துக்கொண்டீர். நன்றி.

பாளையங்காரன்:
ஓய், இதென்ன கோர்ட்டா?

சட்டம்_சரவணன்:
கோர்ட்டில் இப்படிக் கேட்டால் நீதிபதி அனுமதிக்க மாட்டார்.

கொங்குக்குசும்பன்:
எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊரிலும் எட்டாம் வகுப்பு இருக்கிறது, பென்சில் இருக்கிறது. அரிவாள் மட்டும் ஏன் உங்கள் பக்கமே வருகிறது அண்ணாச்சி?

பாளையங்காரன்:
வந்துட்டாருய்யா கோயம்புத்தூர் புத்தர். தாமிரபரணித் தண்ணியைக் குற்றம் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். போன மாதம் அல்வா இழையிலும் இதே வேலைதான் பார்த்தீர், மறக்கவில்லை.

மலர்விழி:
அவன் யாரிடமாவது சொல்ல முடிந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, மனநலத்துக்கு 14416 என்று உதவி எண்கள் இருக்கின்றன. இந்த இழையில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியும்?

ஞானமுத்து_ஓய்வு:
போன் கையில் கொடுத்ததால்தான் கெட்டது. இப்போது போன் செய்யச் சொல்கிறீர்கள். பிரமாதம்.

பாளையங்காரன்:
மேடம், சொல்ல இடம் இருக்கிறது என்கிறீர்கள். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று புகார்ப் பெட்டி வைத்தார்களே, என் தங்கை மகள் படிக்கும் பள்ளியில் போய்ப் பார்த்தேன். தலைமையாசிரியர் அறை வாசலில், நிலைக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டியிருக்கிறது. யார் சீட்டுப் போட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், எதிரே தண்ணீர்த் தொட்டியில் நிற்கும் முழு வகுப்புக்கும் தெரியும். பூட்டில் துரு. போடுகிற வாய்க்குள் சாக்லேட் தாளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். எவன் போடுவான்?

சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் ஜில்லாவே சாட்சி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரி. பட்டியல் சாதிப் பையன், பன்னிரண்டாம் வகுப்பு. கூடப் படித்தவர்கள் கொடுத்த தொல்லையில் பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்டான். பள்ளியில் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கைக்கும் வெட்டு. அங்கே எந்தப் பென்சில் இருந்தது ஐயா?

ஞானமுத்து_ஓய்வு:
சாதியை இழுக்காமல் உமக்கு ஒரு பதிவு போட வராது. பாளையங்கோட்டை விஷயத்தில் சாதி எங்கே இருந்தது?

பாளையங்காரன்:
இருந்தது என்று நான் எழுதிய வரியைக் காட்டும். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டால் வந்துவிடுமா?

சட்டம்_சரவணன்:
நாங்குநேரிக்குப் பிறகுதான் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார், 610 பக்கம். வகுப்பில் அகரவரிசையில் உட்கார வைப்பது, பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமிப்பது என்று என்னென்னவோ இருக்கிறது.

கொங்குக்குசும்பன்:
610 பக்கத்தில் நம் ஆட்களுக்கு ஞாபகம் இருப்பது சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்றது மட்டும். கயிறு, பொட்டு, அப்புறம் இரண்டு வாரம் டிவியில் சண்டை.

ஞானமுத்து_ஓய்வு:
கயிறு சாமி கயிறு. அதில் கை வைத்தால் சும்மா இருக்க மாட்டோம்.

பாளையங்காரன்:
சாமி கயிற்றுக்கு ஊருக்கு ஊர் ஒரு கலர் எதற்கு? எந்தத் தெருப் பையன் எந்தக் கலர் கட்டுவான் என்று எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2019இலேயே கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே தனக்குத் தெரியாமல் போனது என்று கைவிட்டார். தலைமையாசிரியராக இருந்த உங்களுக்குத் தெரியாதா, தெரியாத மாதிரி இருக்கிறீர்களா?

மலர்விழி:
மறுபடியும் கேட்கிறேன், திரும்பத் திரும்ப நடந்ததா, ஒரு தடவை நடந்த சண்டையா என்று...

கொங்குக்குசும்பன்:
மேடம், இங்கே திரும்பத் திரும்ப நடப்பது பென்சில் மட்டும்தான்.

ஞானமுத்து_ஓய்வு:
பென்சில்தான். பென்சில் இல்லாவிட்டால் பேச்சு நின்றிருக்காது, பேச்சு நிற்காவிட்டால் அரிவாள் வந்திருக்காது. என்னிடம் படித்தவர்கள் இன்று கலெக்டர் ஆபீஸ் வரை இருக்கிறார்கள். அடி வாங்கித்தான் வளர்ந்தார்கள். எவனுக்கும் கவுன்சிலிங் தேவைப்படவில்லை. நான் சாப்பிடப் போகிறேன், அதற்குள் என் பழைய பதிவுகளைத் தோண்டாமல் இருந்தால் சரி.

பாளையங்காரன்:
தோண்டிவிட்டேன். நாங்குநேரி நடந்த வாரம் நீர் எழுதியது: "எல்லாவற்றுக்கும் சினிமாதான் காரணம்." அன்றைக்கு சினிமா, இன்றைக்குப் பிரம்பு. நாளைக்கு எது என்று இப்போதே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போம்.

சட்டம்_சரவணன்:
பழைய பதிவைத் தேதி இல்லாமல் மேற்கோள் காட்டுவது இந்தக் குழும விதி 4க்கு எதிரானது.

பாளையங்காரன்:
விதி 4ஐப் போட்டதே ஞானமுத்து ஐயாதான். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் வருகிறது, இருங்கள்.