மின்னல் முரளி பார்த்தேன், ஷிபுவுக்காக அழுதது நான் மட்டும்தானா?

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

படம் வந்தது 2021 டிசம்பர் 24, நான் பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா மகன் நெட்ஃபிளிக்ஸில் தமிழில் போட்டுவிட்டான், வீட்டில் ஏழு பேர் ஒரு சின்ன டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். கதையைச் சொல்லாமல் என்னால் கேட்க முடியாது, அதனால் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் ஒரு சின்ன ஊர். தையல்காரன் ஜெய்சன், டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு, இரண்டு பேர் மேலும் ஒரே இரவில் மின்னல் விழுகிறது, இரண்டு பேருக்கும் ஒரே சக்தி வருகிறது. ஒருவன் ஊரைக் காப்பாற்றுகிறான், இன்னொருவன் ஊரை எரிக்கப் போகிறான். எல்லாருக்கும் ஜெய்சனாக வரும் டொவினோ தாமஸைப் பிடித்தது, பிள்ளைகள் அவன் முகமூடி போட்டு வந்ததும் விசில் அடித்தார்கள். எனக்கு முதல் அரை மணி நேரத்திலிருந்தே மனசு முழுக்க ஷிபு பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே பெண்ணை நினைத்துக்கொண்டு, ஊர் தன்னை மனுஷனாக மதிக்காததையும் பொறுத்துக்கொண்டு டீ கொடுத்துக்கொண்டே இருக்கிறான். அந்த உஷா கடைசியில் இவனோடு வாழ்கிறேன் என்று சொல்லும்போது ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் முகத்தைப் பாருங்கள், சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாது. அப்புறம் ஊர் கூடி வந்து தீ வைக்கிறது, உஷா உள்ளே.

அந்த இடத்தில் நான் எழுந்து இஸ்தோப்புக்கு (வாசல் வராந்தாவுக்கு) வந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயம் எரிந்தது. யாரும் வைத்த தீ இல்லை, தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) ஒயர் பற்றிக்கொண்டது, ஆனால் கூரை ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் பன்னிரண்டு காம்பராவும் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அம்மா உடுப்பை எடுக்கவில்லை, நகை என்று ஒன்றும் இல்லை, தகர பிஸ்கட் டின்னை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் அம்மாவின் அடையாள அட்டையும் இருந்தன. டின் சூட்டில் அம்மாவின் கையில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் ஜெய்சன் ஜெயித்தபோது என்னால் கை தட்ட முடியவில்லை. படமே நம்மை அப்படி உணர வைக்கிறதா, இல்லை நான் என் கதையைப் படத்துக்குள் கொண்டுபோய்விட்டேனா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை_பனி

அண்ணே, உங்கள் வீடு எரிந்ததைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் ஷிபு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெய்சனும் சின்ன வயதில் தீ விபத்தில் பெற்ற அப்பாவைப் பறிகொடுத்தவன்தானே, வேறு வீட்டில் வளர்ந்தவன்தானே. அவனையும் ஊர் ஒன்றும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை, அமெரிக்கா போய்விட்டால் போதும் என்றுதான் கிடக்கிறான். கொழும்பில் கடை வேலைக்குப் போன நாளில் என்னைத் தோட்டக்காட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒருமுறை இல்லை, பலமுறை. 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தபோது எங்கள் தாத்தாவுக்கு எந்த நாட்டிலும் பெயர் இல்லாமல் போனது, அதற்கப்புறமும் அவர் விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார், மலைக்குப் போனார், ஒரு ஊரையும் கொளுத்தவில்லை. ஷிபு கொன்றவர்களில் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஆட்களும் இருக்கிறார்கள். அவன் வலி உண்மை, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த வலிக்காக ஒரு ஊரைக் கொடுக்க முடியாது.

மாசிப்பறை (பண்டாரவளை)

இரண்டு தம்பிகளும் சொல்வது சரிதான், ஆனால் நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டத்தில் இன்னும் காமன் கூத்து நடக்கிறதா? எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேஷம் கட்டி ஆடுவோம், நான் பத்து வருடம் தப்பு அடித்திருக்கிறேன். சிவனுடைய தவத்தைக் கலைத்ததற்காக மன்மதன் எரிகிறான். எரியப் போகிறான் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், எரித்தவர் சாமி என்பதும் தெரியும். ஆனாலும் ரதி மண்ணில் விழுந்து ஒப்பாரி சொல்லும்போது லயத்துக் கிழவிகள் யாருக்காக அழுகிறார்கள்? மன்மதனுக்காகத்தான். எங்கள் அப்பாயி சிவன் வேஷக்காரனை அடுத்த நாள் காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்துத் திட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எரிந்தவனுக்காக அழுவது நமக்குப் பழகினதுதான் தம்பி. அழுவதால் அவன் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஒரு வித்தியாசம், மன்மதனை எழுப்பித் தரச் சொல்லி மடிப்பிச்சை கேட்க ரதி இருக்கிறாள், கூத்து முடிவதற்குள் அவன் எழுந்தும் விடுகிறான். ஷிபுவுக்காக மடியேந்த இருந்த ஒரே ஒரு ஆளையும் ஊர் முதலிலேயே எரித்துவிட்டது. இயக்குநர் பேசில் ஜோசப் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் உஷாவுக்கு இத்தனை காட்சி கொடுத்திருக்க மாட்டார்.

லிந்துலை_அக்கா

நான் படத்தைப் பாதியில் நிறுத்தியவள், காரணம் ஷிபு இல்லை, அந்த மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இங்கே வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். சின்னம்மா கூடையும் தலையுமாக மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு, கொழுந்து ஒன்றுகூடச் சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இடி இடித்தால் இன்றைக்கும் என் வாய் தானாக அர்ச்சுனா அர்ச்சுனா என்றுதான் சொல்லும். மின்னல் விழுந்தவன் சக்தியோடு எழுந்து நடப்பதைப் பார்க்கும்போது முதலில் கோபம் வந்தது, அப்புறம் சின்னம்மாவும் அப்படி எழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு ஆசை வந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு மீதியைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உஷாவின் கதை எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள் தம்பி, அங்கிருந்து பார்க்கிறேன்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

அக்கா, வேண்டுமானால் நானே வந்து மின்னல் வரும் இடத்தைத் தள்ளிவிட்டுப் போட்டுத் தருகிறேன். உஷா நோயாளி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வரும் இடத்திலிருந்து பாருங்கள்.

தலவாக்கலைத் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். ஷிபுவை நான் நல்லவன் என்று சொல்லவில்லை. அவனை வெறும் வில்லன் என்று கூப்பிட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். மாசிப்பறை அண்ணன் சொன்ன ரதி என் மண்டையை விட்டுப் போகவே இல்லை.

நேற்று அம்மாவிடம் இதைப் பேசினேன். அன்றைக்கு அம்மாவும் எங்களோடு உட்கார்ந்துதான் பார்த்தார், தீ வந்தபோதும் எழுந்து போகவில்லை. ஷிபு செய்தது சரியா தப்பா என்று கேட்டேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல், "அவன் பேங்க்ல எடுத்த காசு அந்தப் புள்ள ஆபரேசனுக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.