பொருள்: லக்ஸ் மீற்றருக்குத் தமிழ் (வெள்ளிக்குள்!)

வெள்ளவத்தையிலிருந்து:
உயர்தர மாணவருக்கான செய்முறைக் கைநூல் வெள்ளியன்று அச்சகம் போகிறது. ஒளி உணரிக் கருவிகளில் எதை எதற்குத் தெரிவுசெய்வது என்ற அத்தியாயத்தில் நிற்கிறேன். மேசைமேல் விழும் ஒளியை லக்ஸில் அளப்பது ஒரு கருவி. திரையிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளியைச் சதுர மீற்றருக்கு இத்தனை கண்டெலா என அளப்பது வேறொன்று. இரண்டையும் 'ஒளிமானி' என்று எழுதினால் மாணவன் எதை எடுப்பான்?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
படுகதிர், படுகோணம் பாடநூலில் இருக்கின்றனவே. விழுவதற்குப் படுவொளிமானி, வருவதற்கு எழுவொளிமானி. 'படு' குற்றியலுகரம் அன்று. வகர உடம்படுமெய்யை விட்டுவிடாதீர்கள்.

தெகிவளையிலிருந்து:
ஐயா, படுஞாயிறு என்றால் மறையும் ஞாயிறு. அணைகிற விளக்கையா அளக்கப் போகிறோம்? 'மானி'யும் வடசொல், 'அளவி' போதும். அளவு, நிறைப் பெயர்களுக்குத் தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல் எழுத்துகள் ஒன்பது. அவற்றில் லகரம் இல்லை. 'இலக்சு' என்றாலும் தப்பாது, இகரமும் இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து:
மீற்றர் மகரத்தால் பிழைத்தது. லீற்றரை என்ன செய்வோம்? புறக்கோட்டைக் கடையில் 'லக்ஸ் மீற்றர்' என்றால்தான் எடுத்துத் தருவார்கள். பெயரைவிட இதைக் கைநூலில் எழுதுங்கள்: இக்கருவிகளில் ஒளியை உணரும் உறுப்பான சிலிக்கன் ஒளி இருவாயி ஏறத்தாழ 1100 நானோமீற்றர் அலைநீளம் வரை உணரும், பகலொளியில் நம் கண்ணின் உணர்திறன் உச்சமோ 555. வடிகட்டி இல்லாத உணரியை இழைக் குமிழின் கீழ் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிரையும் சேர்த்து எண்ணிவிடும். கண்ணுக்கேற்பத் திருத்தாமல் வாற்றில் அளக்க வேண்டுமானால் கதிர்ப்புமானி. அந்தப் பெயருக்காவது யாரும் சண்டைக்கு வரவில்லை.

தெகிவளையிலிருந்து:
வருகிறேன். அங்கேயும் 'மானி' இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து:
இன்று வகுப்பில் 'படுவொளிமானி' என்று கரும்பலகையில் எழுதினேன். "படுவேகம் மாதிரிப் படுவெளிச்சமா, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதோடு அது முடிந்தது. விழுவதற்கு 'வீழொளிமானி', அடைப்புக்குள் ஒருமுறை லக்ஸ் மீற்றர். மற்றதற்குப் 'பரப்பொளிமானி'. மூவர் சரி என்றார்கள். மூவரும் களைத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பரப்பொளி என்றால் ஒளியைப் பரப்புவது என்று படிப்பார்கள். ஆனாலும் போகட்டும்.

தெகிவளையிலிருந்து:
போகக் கூடாது. 'தாம்வீழ்வார்' என்று குறளில் வருவது விரும்புதல். உங்கள் கருவி காதலொளியை அளக்கும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.