வெயிட் கம்மியா, ஆனா டிரம்ஸ தாண்டி கேக்கற மாதிரி பேஸ் காம்போ எது பாக்கலாம்?

நாலுகம்பி:
வணக்கம் மக்களே. இப்ப என் பேஸ் கிட்டாருக்கு இருக்கறது ஒரு பழைய 100 வாட்ஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில), ஒத்த 15 இன்ச் ஸ்பீக்கர், வெயிட் கிட்டத்தட்ட 30 கிலோ. ப்ராக்டீஸ் ரூம் ரெண்டாவது மாடில, லிஃப்ட் கிடையாது, தூக்கிட்டு போய் வச்சதுமே கை நடுங்குது, அப்புறம் எங்க வாசிக்கறது. சரி அதயாவது பொறுத்துக்கலாம்னா ரெண்டு கிட்டார், கீபோர்டு, கொஞ்சம் பலமா அடிக்கிற டிரம்மர் எல்லாம் சேந்ததும் நான் வாசிக்கறது எனக்கே கேக்கல. வால்யூம் பாதிய தாண்டினா சத்தம் கூடறதில்ல, ஈ ஸ்ட்ரிங்க தொட்டாலே புர்ர்ருனு கிழியுது.

17 கிலோக்குள்ள, ஆனா இத விட நல்லா சத்தமா ஏதாவது இருக்கா? 500 வாட்ஸ்னு போட்டதெல்லாம் பாத்தேன், அப்ப அஞ்சு மடங்கு சத்தமா இருக்குமா? 12 இன்ச் ஒண்ணா, 10 இன்ச் ரெண்டா? பிஏ (ஆடியன்ஸுக்கு போற பெரிய ஸ்பீக்கர் செட்) நல்லா இருக்கற இடத்துல ஆம்ப்ல இருந்து டிஐ, அதாவது நேரடி லைன், குடுத்துருவேன், வெறும் வோக்கல் மட்டும் பிஏல போற இடத்துலதான் தலவலியே.

ஓம்சாந்தி:
ப்ரோ, அஞ்சு மடங்கெல்லாம் வராது. வாட்ஸ் டபுள் ஆனா கூடறது 3 டெசிபல்தான், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமாரா 10 டெசிபல் வேணும், அதுக்கு பவர் பத்து மடங்கு ஆகணும். 100ல இருந்து 500 போனா 7 டெசிபல். கேக்க சின்ன நம்பரா இருந்தாலும் பேண்டுக்குள்ள அது நல்ல வித்தியாசம், அதனால வேஸ்ட்னு சொல்ல வரல.

ஆனா ஸ்பெக்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு பவருக்கு எவ்வளவு சத்தம் தருதுங்கறது. 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு பதிலா 100 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தா அதே ஆம்ப் வாட்ஸ் டபுள் ஆன மாதிரிதான். இத யாரும் பெருசா போட மாட்டாங்க, வாட்ஸ மட்டும் கொட்ட எழுத்துல போடுவாங்க. இன்னொண்ணு ஓம், அதாவது ஸ்பீக்கர் கரண்ட்ட தடுக்கற அளவு, அது குறைஞ்சா ஆம்ப்ல இருந்து பவர் அதிகமா வரும். முன்னாடி எழுதியிருக்கற 500 பெரும்பாலும் 4 ஓமுக்கு, உள்ள இருக்கற ஸ்பீக்கர் 8 ஓமா இருந்தா தனியா அவ்வளவு வராது. ஃபெண்டர் ரம்புள் 500 எடுத்துக்கோங்க, ரெண்டு 10 இன்ச், பதினாறரை கிலோ கிட்ட, தனியா 350 வாட்ஸ், வெளிய இன்னொரு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) மாட்டினாதான் 500. அவங்க அத ஒளிக்கல, ஸ்பெக்லயே இருக்கு, நாமதான் படிக்கறதில்ல.

மெதுவிரல்:
வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, ஈக்யூ (பேஸ், மிட், ட்ரிபிள் நாபெல்லாம்) எப்படி வச்சிருக்கீங்க? பேஸும் ட்ரிபிளும் ஏத்தி நடுவுல மிட்ட இறக்கி வச்சிருந்தா எத்தன வாட்ஸ் வாங்கினாலும் இதே கததான். வீட்ல தனியா வாசிக்கும்போது அது அமிர்தமா இருக்கும், பேண்டுக்குள்ள காணாம போயிரும். ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ், ஆனா பேண்டுல நம்ம காது அந்த நோட்ட பிடிக்கறது அதுக்கு மேல 82, 123னு மடங்கு மடங்கா வர்ற ஹார்மானிக்ஸ வச்சுத்தான். பேஸ் நாப ஏத்த ஏத்த ஆம்போட பவர் பூரா கீழயே போயி கோன் முன்னும் பின்னும் ஆடுதே தவிர கேக்கற சத்தம் கூடாது. நீங்க சொல்ற புர்ர்ரும் அதுவாத்தான் இருக்கணும். பேஸ் நாப நடுவுல வச்சுட்டு 250ல இருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் ஏத்தி, ஆம்ப தரைல வைக்காம ஒரு நாற்காலி மேல வச்சு பாருங்க. தரைல இருந்தா சத்தம் முழங்காலுக்கு போகுது, காதுக்கு வரல.

பழையகட்டை:
லேசான ஆம்ப் எல்லாம் பொம்மை தம்பி. 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் ட்யூப், ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப்) மட்டுமே 40 கிலோ கிட்ட வரும், அது முன்னாடி நின்னவனுக்குத்தான் தெரியும்.

ஓம்சாந்தி:
அண்ணே, உங்க காலத்துல தூக்க ஆள் இருந்துச்சு 😄

நாலுகம்பி:
மெதுவிரல் அண்ணா சொன்னது வேல செய்யுது! நேத்து ரிஹர்சல்ல நாற்காலி மேல வச்சு மிட்ட ஏத்தினேன், ஒவ்வொரு நோட்டும் தெளிவா கேக்குது, டிரம்மரே திரும்பி பாத்தான். ஆனா பாட்டு உச்சத்துக்கு போகும்போது இன்னும் மூச்சு திணறுது, வெயிட்டும் அதேதான். அதனால மாத்தறது உறுதி. லேசா இருக்கறது நெஜமாவே தாங்குமா, பழையகட்டை ஐயா சொல்றத பாத்தா பயமா இருக்கு.

கேபிள்காரன்:
தாங்கும். வெயிட் எங்க இருந்து குறையுதுன்னு தெரிஞ்சா பயம் போயிரும். பழைய ஆம்புல பெரிய இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், ஸ்பீக்கருக்கு பின்னாடி ஃபெரைட் காந்தம். இப்ப அதிகம் சூடாகாத கிளாஸ் டி ஆம்ப், பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாத ஸ்விட்சிங் பவர் சப்ளை, லேசான நியோடிமியம் காந்தம். சத்தத்துல குறைக்கல, இரும்புல குறைச்சிருக்காங்க. ஒரே குறை, ரிப்பேர்னா கடைக்காரர் பார்ட் மாத்த மாட்டார், போர்டயே மாத்த சொல்வார்.

பெட்டி விஷயத்துல மட்டும் ஏமாத்த முடியாது. பெட்டி சின்னதாவும் இருக்கணும், லோவும் ஆழமா வரணும், சத்தமும் நல்லா வரணும்னா மூணுல ரெண்டுதான் கிடைக்கும். உங்க கேஸ்ல ஆழத்த கொஞ்சம் விட்டுக்குடுங்க, கிக் டிரம் அந்த எடத்த எப்படியும் நிரப்பிரும்.

நான்னா 12 இன்ச் ஒண்ணு இருக்கற லேசான காம்போ, அதுக்கு அதே மாதிரி 12 இன்ச் எக்ஸ்டென்ஷன் கேபினெட் அப்புறமா. கோன் பரப்புல 10 ரெண்டு 12 ஒண்ண விட அதிகம், ஆனா 12 ரெண்டு உங்க பழைய 15அயே தாண்டிரும். ஆம்ப்ல இருந்தும் கூட பவர் வரும், பரப்பும் டபுள், ரெண்டும் சேந்து 5, 6 டெசிபல் கிட்ட கிடைக்கும். படில ரெண்டு கைலயும் ஒவ்வொண்ணா போயிரலாம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, பக்கத்து பக்கத்துல வேணாம், மேல இருக்கறது நேரா காதுக்கு வரும். நடுவுல ஸ்பீக்கர் கேபிள்தான், ஸ்பீக்கான் (பூட்டிக்கற ஸ்பீக்கர் ப்ளக்) இருந்தா உத்தமம், கிட்டார் கேபிள மட்டும் மாட்டிராதீங்க, சூடாயி உருகலாம், ஆம்பும் போயிரலாம்.

நாலுகம்பி:
சூப்பர் ப்ரோ, இதான் சரியா வரும் போல. கடைல தனியா வாசிச்சு பாத்தா தெரியுமா?

மெதுவிரல்:
தெரியாது. முடிஞ்சா ரிஹர்சலுக்கே ஒரு நாள் வாங்கிட்டு வாங்க, இல்லன்னா டிரம்மர கூட்டிட்டு போங்க. மாஸ்டர் வால்யூம் எங்க இருக்கும்போது லோ கிழிய ஆரம்பிக்குதுன்னு பாருங்க, ஃபேன் சத்தத்தயும் கவனிங்க. டிஐ அவுட்டுக்கு ப்ரீ, போஸ்ட் (ஈக்யூக்கு முன்னாடியா, பின்னாடியா) ஸ்விட்ச் இருக்கணும், இல்லன்னா மேடைல நீங்க ஈக்யூவ தொட்டா சவுண்ட் இன்ஜினியர் முறைப்பார்.

ஓம்சாந்தி:
எக்ஸ்டென்ஷன் பின்னாடி வாங்கற ப்ளான்னா இன்னொண்ணு, காம்போ உள்ள இருக்கற ஸ்பீக்கர் 8 ஓம்தானான்னு பாத்துக்கோங்க. சிலதுல 4 ஓம் இருக்கும், ஆம்போட மினிமமும் 4ன்னா வேற எதுவும் மாட்ட முடியாது, இன்னொண்ணு சேந்தா மொத்த ஓம் அதுக்கும் கீழ இறங்கிரும்.