புதுப்பிப்பு: கைபேசித் திரை தொலைக்காட்சியில் வந்துவிட்டது

டைப்-சி துளையில் எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகியும் ஆண்ட்ராய்டு கைபேசியின் படம் தொலைக்காட்சியில் வரவில்லை என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடாப்டரில் பழுதில்லை. என் கைபேசியின் டைப்-சி துளை யூஎஸ்பி 2.0 வகை என்பதாலும், படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் அதில் இல்லை என்பதாலும், இவ்வகைச் சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டர் எதுவும் உதவாது என்று ஒருவர் எழுதியதே சரி.

ஆகவே, தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி, கைபேசிப் படத்தை வைஃபை வழியாகப் பெறும் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியை வாங்கினேன். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் கைபேசியில் அதன் பெயர் தென்படவில்லை. மற்றொருவர் சொன்னபடி ரவுட்டரில் ஏபி ஐசொலேஷனை (ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுக்கும் அமைப்பை) நிறுத்தியதும் உடனே தென்பட்டது.

எதிர்பாராதது ஒன்று: படம் வந்து வந்து மறைந்தது. தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால், பாம்பன் உப்புக்காற்றில் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். அதன்பின் படம் மறையவில்லை.