என் முறை வருவதற்குள் பத்தி மாறிவிட்டது

கடைசி பெஞ்சு:
எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சரி, இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. வயது 43. ஆங்கிலத்தில் பேசினால் புரியும், பதிலும் ஒப்பேற்றிவிடுவேன். வாசிக்கத்தான் போன வருடம் தொடங்கினேன்.

வேலையிடத்தில் பாதுகாப்புப் பயிற்சி. ஆளுக்கு ஒரு பத்தி, வரிசையாக உரக்கப் படிக்க வேண்டும். இதில் மாட்டியவர்களுக்குத் தெரியும், அடுத்தவர் படிப்பது காதிலேயே விழாது, எண்ணிக்கொண்டே இருப்போம். எனக்கு முன்னால் ஆறு பேர். ஏழாவது பத்தி என்னுடையது. மனசுக்குள் நாலு தடவை உருட்டித் தயாராக வைத்திருந்தேன். ஆறாவது ஆள், தன் பத்தி இரண்டே வரிதான் என்று என்னுடையதையும் சேர்த்துப் படித்துவிட்டார்.

எட்டாவது பத்தி. முதல் வரியிலேயே டி, ஹெச், ஓ, ஆர், ஓ, யு, ஜி, ஹெச். 'த்ரூ' என்றேன். அது 'தரோ'வாம். ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் மெல்லிய குரலில், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அதைச் சரியாக ஒருமுறை சொல்லிக் காட்டினார். சிரித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த மெல்லிய குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
அண்ணே, எனக்கு ஒரு டப்பா. உள்ளே தின்னர். மேலே 'இன்ஃப்ளேமபிள்' என்று போட்டிருந்தது. நானாக எழுத்துக்கூட்டி, பெருமையாகப் படித்தேன். 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லை, 'இன்கம்ப்ளீட்' என்றால் முடியவில்லை. அப்படியானால் இது தீப்பிடிக்காது, அவ்வளவுதானே? ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மேற்பார்வையாளர் உள்ளே வந்தவர் பேசவே இல்லை. டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவர் நடந்த விதம் இருக்கிறதே, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி. 'இன்ஃப்ளேமபிள்', 'ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டுமே தீப்பிடிக்கும்! அங்கே வருகிற 'இன்' இல்லை என்கிற 'இன்' கிடையாதாம், லத்தீனிலிருந்து வந்த வேறு ஒன்றாம். படிக்கவே தெரியாமல் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததுதான் ஆபத்து.

பூனைக்கண்:
உங்கள் அளவுக்குப் பெரிய கதை இல்லை. 'புஷ்', 'புல்'. இரண்டும் நாலெழுத்து, இரண்டும் பி, யு என்று ஆரம்பம். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் கை போய்விடும். கண்ணாடிக் கதவை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் ஒருவர் பொறுமையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது கடைசி எழுத்தை மட்டும் பார்க்கிறேன். ஹெச் என்றால் தள்ளு.

நேர்கோடு:
எல்லோரும் எழுத்து எழுத்தாகப் படிப்பதால்தான் இவ்வளவு சிக்கலும். எனக்கும் ஒன்று நடந்தது, கடனைக் குறிக்கிற 'டெட்' (டி, ஈ, பி, டி) என்கிற ஆங்கிலச் சொல்லை 'டெப்ட்' என்று படித்தேன், பக்கத்தில் இருந்தவர் திருத்தினார், அவ்வளவுதான். அதை விடுங்கள். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழில் எழுதியதை அப்படியே வாசிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வந்தது 1476-ல். எழுத்துக்கூட்டு கொஞ்சம் கொஞ்சமாக உறையத் தொடங்கியது. ஆனால் வாய் நிற்கவில்லை. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் நெடில் உயிரொலிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஆக, நாம் இன்றைய பேச்சைப் பழைய எழுத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம். 'டெட்'டில் அந்த பி முதலில் கிடையவே கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்பாடு சொருகியது.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியது இதுதான். கடைசியில் வரும் ஈ தான் பேசாமல் முன்னால் இருக்கும் உயிரை மாற்றும்: பின், பைன். கிட், கைட். ஹாப், ஹோப். தினமும் பத்து ஜோடி உரக்கப் படியுங்கள். ஓ யு ஜி ஹெச் கூட்டத்தைத் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தோ, த்ரூ, ரஃப், காஃப், தரோ. அதற்கு விதி தேடாதீர்கள், முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிற மாதிரி பழகிக்கொள்ளுங்கள். அப்புறம், காதால் கேட்டுக்கொண்டே அதே பக்கத்தைக் கண்ணால் பின்தொடருங்கள். அகராதியை ஒவ்வொரு வரிக்கும் திறக்காதீர்கள். கடைசி பெஞ்சு நண்பர் அந்தப் பத்தியை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கலாம், அதைச் செய்யாதது அவர் தவறு.

ராத்திரி ஷிஃப்ட்:
ஐயா, முதல் நாளே கேட்டு வாங்க வேண்டுமானால் படிக்க வராது என்று முதல் நாளே சொல்ல வேண்டுமே.

இரண்டாம் வாசிப்பு:
நேர்கோடு சொல்வதில் பாதிதான் சரி. தமிழில் எழுதியதை அப்படியே வாசிக்கலாமா? கல், தங்கம், பகல் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே க, மூன்று ஒலி. என் மனைவிக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. 'பாவம்' என்று எழுதியிருந்ததைக் காட்டி, இது நடனக்காரர் முகத்தில் வருவதா, நாம் செய்வதா என்று கேட்டார். அடுத்த வரியைப் படித்த பிறகுதான் என்னாலேயே சொல்ல முடிந்தது. நமக்கு அது சிறு வயதிலேயே பழகிவிட்டது, அதனால் கண்ணில் படுவதில்லை. தமிழிலும் பெரும்பாலும் இடம் பார்த்து ஒலி மாறும், அதற்கு விதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வடமொழிச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் வந்தால் அந்த விதி கைவிட்டுவிடும். பஸ் என்று எழுதிவிட்டு எப்படிச் சொல்கிறோம்?

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று, எழுத்தின் உருவம். எனக்குப் பெரிய எழுத்துகள் ஒரு மாதத்தில் வந்துவிட்டன. பெயர்ப்பலகை படிப்பேன். புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் சின்ன எழுத்து. நம் எழுத்தில் பெரியது சின்னது என்று இரண்டு கிடையாதே! சின்ன ஏ, நோட்டில் வட்டமும் ஒரு கோடும். அச்சில் தலைக்கு மேல் ஒரு கொக்கி. ஜி சில அச்சில் இரண்டு வயிற்றோடு நிற்கும். சின்ன 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நின்றால் 'எம்' மாதிரி தெரியும். 'மாடர்ன்' என்று இருந்ததை 'மோடம்' என்று படித்து, பழுது பார்க்கிற குறிப்பு என்று நினைத்து இரண்டு பக்கம் போய்விட்டேன். புதுக் கட்டட அமைப்பைப் பற்றிய கட்டுரை அது. நடுவில் ஒரு ஜன்னல் படம் வந்ததும்தான் சந்தேகமே வந்தது.

நேர்கோடு:
பாவம் விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து வாதாட முடியாது. மற்றபடி உருவம் பற்றிச் சொன்னது சரிதான்.

மழைக்கால மனுஷி:
சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும்.

என் மகளுக்கு ஆறு வயது. ராத்திரி படம் போட்ட கதைப் புத்தகம். நான் படத்தைப் பார்த்துக் கதையை நானே கட்டிவிடுவேன், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் பக்கத்தைத் திருப்பவிடாமல் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ சொன்ன முயல் இதுல இல்லையே, இது எலி." படம் சின்னதாக இருந்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் நிஜமாகவே படிக்க முயன்றேன். எலி முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்திருக்கிறது. கே, என், ஈ, ஈ. 'க்...னீ' என்றேன். அவள் என் கட்டைவிரலைப் பிடித்து அந்தக் கே மேல் வைத்து அழுத்தினாள். "இப்ப படிம்மா."

கேலியும் இல்லை, இரக்கமும் இல்லை. அவளுக்கு வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போதும் 'நைஃப்', 'நாக்', 'நோ' எது வந்தாலும் கட்டைவிரல் தானாகப் போகிறது. வேலையிடத்தில் கணினித் திரையில்கூட.

நேர்கோடு:
அந்தக் கே ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டதுதான். ஜெர்மன் மொழியில் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் முதலில் படித்தது அவ்வளவு தப்பில்லை, சில நூற்றாண்டு தாமதம், அவ்வளவே.

மழைக்கால மனுஷி:
இதை அவளிடம் சொல்கிறேன் :)

கடைசி பெஞ்சு:
எல்லோருக்கும் நன்றி. நேர்கோடு ஐயா, தாளில் எழுதி ஒட்டிவிட்டேன், ஆனால் தவறு என்னுடையது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வியாழக்கிழமை மறுபடி பயிற்சி இருக்கிறது. வரிசையில் கடைசி நாற்காலியைப் பிடித்து உட்காரப் போகிறேன். நேரம் போதாமல் போனால் என் முறை வராது.